எட்டு மாசத்துல ரெண்டு பேட்டரி போயிருக்குன்னா தப்பு பேட்டரி மேல இல்ல

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். 2014 மாடல் பெட்ரோல் கார், சின்ன கார், வாரத்துல ரெண்டு நாள்தான் ஓடுது. மூணு நாள் நிறுத்தி வெச்சா காலைல சாவிய திருப்பினதும் டிக்டிக்டிக்னு சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கல. எட்டு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, இப்போ எலக்ட்ரீசியன் டைனமோ (எஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) போயிடுச்சு, ஒம்பதாயிரம் ஆகும்னு சொல்றாரு. கூடவே அப்பாவோட பழைய 150 சிசி பைக் வேற, இருபது நிமிஷம் ஓட்டினா தானா நின்னுடுது, ஆறினா எடுக்குது. இத வீட்லயே எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் இப்போ வேற வேலைல இருக்கேன், ஆனா காலேஜ் படிக்கற காலத்துல இருந்து பதினோரு வருஷம் திருப்பூர்ல எங்க மாமாவோட ஆட்டோ எலக்ட்ரிக் கடைல இருந்தேன். அங்க பழைய பேட்டரின்னு தூக்கி போட்டுட்டு போறதுல எவ்ளோ நல்ல பேட்டரி இருக்கும் தெரியுமா, சார்ஜ் போட்டு வெச்சா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். வண்டி எடுக்கலன்னா எல்லாரும் முதல்ல கை காட்றது பேட்டரியத்தான், ஏன்னா அத மாத்தறது சுலபம், மாத்தின உடனே வண்டியும் எடுத்துடும், பிரச்சனை தீந்துச்சுன்னு தோணும். உண்மைல புதுசு முழு சார்ஜோட வந்ததால எடுக்குது, அவ்ளோதான். ஓட்டை பானைல தண்ணி ஊத்தற கதை.

உங்க கார் விஷயத்துல டைனமோவுக்கு ஒம்பதாயிரம் குடுக்கறதுக்கு முன்னாடி முன்னூறு ரூபாக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்க, மஞ்சளா சின்னதா எல்லா எலக்ட்ரிகல் கடைலயும் கிடைக்கும். அதுல நமக்கு வேண்டியது டிசி 20 வோல்ட் ரேஞ்ச், மில்லிவோல்ட், 10 ஆம்பியர், அப்புறம் ஓம்ஸ் (தடை அளக்கறது).

மீட்டர தொடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். கைல மோதிரம், காப்பு, கழுத்துல செயின் இருந்தா கழட்டி வீட்ல வெச்சிட்டு வாங்க. எங்க கடைல ஒருத்தர் 10ம் நம்பர் ஸ்பேனரோட பிளஸ் டெர்மினல லூஸ் பண்ணும்போது ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பாடில பட்டுச்சு, ஒரு செகண்ட்தான், விரல சுத்தி வட்டமா வெந்துபோச்சு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுங்கறது சரி, ஆனா நூத்துக்கணக்குல ஆம்பியர் குடுக்கற பொருள் அது. அதனாலதான் கழட்டும்போது எப்பவும் மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. மைனஸ் கழண்டிருந்தா ஸ்பேனர் பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது. சார்ஜ் ஆகற பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வேற வரும், பக்கத்துல பீடி சிகரெட் வேண்டாம், மூடின ஷெட்டா இருந்தா கதவ தொறந்து வெச்சுக்கங்க.

சரி இப்போ சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம், சத்தமே பாதி பதில் சொல்லிடும். டிக்டிக்டிக்னு வேகமா வந்தா வோல்டேஜ் பத்தலன்னு அர்த்தம், செல்ஃப் மோட்டார் மேல இருக்கற சோலினாய்டு (மோட்டாருக்கு கரண்ட சேத்து விடற காந்த ஸ்விட்ச்) இழுக்குது, மோட்டார் கரண்ட் இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து சோலினாய்டு விட்டுடுது, மறுபடி இழுக்குது. ஒரே ஒரு 'டொக்'னு வந்து நின்னுட்டா ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்பி பாருங்க. லைட் மங்காம அப்படியே பிரகாசமா இருந்தா கரண்ட் மோட்டாருக்குள்ளயே போகல, சோலினாய்டு காண்டாக்ட் தேஞ்சிருக்கலாம் இல்லன்னா கார்பன் பிரஷ் முடிஞ்சிருக்கலாம். இந்த மாதிரி நேரத்துல செல்ஃப் மோட்டார் பாடிய ஸ்பேனர் பிடியால லேசா நாலு தட்டு தட்டிட்டு எடுத்தா எடுக்கும், அப்படி எடுத்துச்சுன்னா பிரஷ்தான்னு வெச்சுக்கங்க, ரெண்டு மூணு தடவைக்கு மேல அந்த வித்தை வேலை செய்யாது. லைட் ஒரேயடியா செத்துப்போச்சுன்னா பேட்டரி காலி, இல்ல டெர்மினல் லூஸ், இல்ல மோட்டார் ஜாம். சத்தமே இல்ல, லைட்டும் நல்லா எரியுதுன்னா சாவி ஸ்விட்ச், ரிலே, கிளட்ச் ஸ்விட்ச் பக்கம் போகணும், ஆட்டோமேடிக் கியர்னா 'பி'ல இருந்து 'என்'னுக்கு மாத்தி எடுத்து பாருங்க. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா எஞ்சின் பிடிக்கலன்னா அது வேற கதை, மீட்டர் போர்டுல சாவி படம் மினுக்குதான்னு பாருங்க, மினுக்கினா இம்மொபிலைசர் (வேற சாவில வண்டி எடுக்காம தடுக்கற திருட்டு தடுப்பு), ஸ்பேர் சாவிய போட்டு பாக்கறதுதான் முதல் வேலை.

உங்களுக்கு டிக்டிக். அதனால வோல்டேஜ்.

லெட் ஆசிட் பேட்டரின்னா ஆறு செல், ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட் சொச்சம், மொத்தம் 12.6ல இருந்து 12.7. பிளாண்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1859ல கண்டுபிடிச்சது, இன்னிக்கும் உள்ள அதே ஈயத்தகடும் அதே கந்தக அமிலமும்தான். ஆறின பேட்டரில 12.6 காட்டினா ஃபுல், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 10.5 பக்கம் நின்னுட்டு சார்ஜ் போட்டாலும் ஏறலன்னா ஒரு செல் செத்துடுச்சு, அத காப்பாத்த முடியாது. இங்க எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா வண்டிய ஓட்டி நிறுத்தின உடனே அளக்கறது, அப்போ 12.9, 13 எல்லாம் காட்டும், மேலோட்டமான சார்ஜ் அது, நம்பாதீங்க. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல அளக்கணும். அதுலயும் ஒரு சின்ன தந்திரம், கதவ தொறந்தாலே உள்ள லைட்டும் கம்ப்யூட்டரும் முழிச்சுக்கும், அதனால முதல் நாள் ராத்திரியே பானெட் லீவர இழுத்து விட்டுட்டு பானெட்ட சும்மா சாத்தி வெச்சுடுங்க, காலைல கதவ தொடாமலே மீட்டர வெக்கலாம்.

இப்போ உங்களுக்கான பரிச்சை. பேட்டரிய நல்ல சார்ஜர்ல ராத்திரி பூரா ஃபுல்லா ஏத்துங்க. 35 ஆம்பியர் அவர் (சுமாரா ஒரு ஆம்பியர் வெச்சு 35 மணி நேரம் குடுக்கற அளவு) பேட்டரின்னா மூணு மூணரை ஆம்பியர்ல ஏத்தினா போதும், அவசரப்படுத்தாதீங்க. ஏத்தி, வண்டில மாட்டி, நிறுத்திடுங்க. மூணு நாள் காலைல அதே நேரத்துக்கு அளந்து எழுதி வைங்க. அடுத்து மறுபடி ஃபுல் சார்ஜ் பண்ணி, இந்த தடவை மைனஸ் கேபிள கழட்டி விட்டுட்டு மூணு நாள் அளங்க. கழட்டி வெச்சும் 12.6, 12.3, 12.0ன்னு இறங்கினா பேட்டரியே உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சு. கழட்டினா 12.6லயே நிக்குது, மாட்டினா இறங்குதுன்னா வண்டில ஏதோ ஒண்ணு ராத்திரி பூரா கரண்ட் குடிக்குது. இதுக்கு எந்த படிப்பும் வேண்டாம், ஆறு நாள் பொறுமை இருந்தா போதும், ஆனா இந்த ஆறு நாள யாரும் செலவு பண்றதில்ல, ரெண்டு பேட்டரி காச செலவு பண்ணுவாங்க. மைனஸ் கழட்டினா கடிகாரம், ஸ்டீரியோ செட்டிங் எல்லாம் அழியும், சில ஸ்டீரியோ கோடு கேக்கும், அத முன்னாடியே பாத்துக்கங்க.

நீங்க சொன்னத வெச்சே ஒரு கணக்கு போடலாம். இந்த காலத்து கார் தூங்கினப்புறம் எடுக்கற கரண்ட் 20ல இருந்து 50 மில்லி ஆம்பியர். 50னே வெச்சாலும் மூணு நாளைக்கு 72 மணி நேரம், 3.6 ஆம்பியர் அவர்தான், பேட்டரில பத்துல ஒரு பங்கு, அதுக்கெல்லாம் செல்ஃப் எடுக்காம போகாது. மூணு நாள்ல படுக்கணும்னா பாதி பேட்டரியாவது காலியாகணும், 18 ஆம்பியர் அவர், 72ஆல வகுத்தா கால் ஆம்பியர். ஆக பேட்டரி நல்லாருந்தா உங்க வண்டில கால் ஆம்பியரோ அதுக்கு மேலயோ எங்கயோ ஒழுகுது. இத ஒரு வாட்டி கண்டுபிடிக்காம நீங்க இன்னும் பத்து பேட்டரி மாத்தினாலும் இதேதான். ஏன்னா ஒவ்வொரு தடவை காலியாகி ரெண்டு நாள் அப்படியே கிடக்கும்போது தகட்டுல ஈய சல்ஃபேட் கெட்டியா படிஞ்சுடும், அது சார்ஜ் போட்டாலும் முழுசா கரையாது, நாலஞ்சு தடவை அப்படி ஆனா புது பேட்டரியும் கிழடுதான்.

டைனமோ கெட்டிருக்கா இல்லையான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம் (சரியா சொன்னா ஆல்டர்னேட்டர், எங்க ஊர்ல இன்னும் டைனமோதான்). எஞ்சின ஓட விட்டு பேட்டரி ரெண்டு முனைலயும் மீட்டர் வைங்க, 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாத்தையும் போட்டு கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்து பாருங்க, 13.5க்கு கீழ வரக்கூடாது. 12.4லயே நின்னா சார்ஜ் ஆகல, 15க்கு மேல போனா ரெகுலேட்டர் (வோல்டேஜ் எகிறாம கட்டுப்படுத்தறது) போச்சு, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்திடும். ரொம்ப புது மாடல் சிலதுல கம்ப்யூட்டரே சார்ஜிங்க ஏத்தி இறக்கும், 12.8 கூட காட்டலாம், உங்க 2014க்கு அந்த கவலை அனேகமா இல்ல.

ஓடும்போது 14.2 காட்டுதுன்னு வெச்சுக்கங்க, அப்பவும் டைனமோ ஒரு விதத்துல குற்றவாளியா இருக்கலாம். உள்ள இருக்கற டயோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடறது) லீக் ஆனா நிறுத்தின வண்டில பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோ வழியா ஒழுகும். அதுக்கு ஒரு கிராமத்து டெஸ்ட் உண்டு, ராத்திரி பூரா நின்ன வண்டில விடியக்காலைல டைனமோ பாடிய தொட்டு பாருங்க, எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது அது மட்டும் வெதுவெதுன்னு இருந்தா டயோடுதான், உங்க எலக்ட்ரீசியன் சொன்னது சரி. இல்லன்னா அவர் அளக்காம சொல்லிருக்காரு.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, பண்ணவும் விடாதீங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல கழட்டி பாத்து 'வண்டி நிக்கலல்ல, அப்போ டைனமோ நல்லாருக்கு'ன்னு சொல்ற பழைய வித்தை. நிஜமான டைனமோ இருந்த காலத்து வண்டில அது ஓடிச்சு. இப்போ அப்படி கழட்டினா தாங்கி பிடிக்க பேட்டரி இல்லாம வோல்டேஜ் ஒரு நொடில நாப்பது அம்பதுக்கு மேல எகிறும், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), ஏர்பேக் மாட்யூல், ஸ்டீரியோ எது வேணா போகலாம். இப்படி ஈசியூ போன வண்டிய நானே பாத்திருக்கேன், ரெண்டாயிரம் ரூபா வேலை முப்பதாயிரம் ஆச்சு.

இப்போ ஒழுகல தேடலாம். என் அனுபவத்துல பத்துக்கு ஆறு, வெளில மாட்டின ஸ்டீரியோதான். நீங்க ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டிருக்கீங்களான்னு எழுதல, அதுதான் என் முதல் கேள்வி. ஸ்டீரியோவுக்கு பின்னாடி மஞ்சள் ஒயர் எப்பவும் பேட்டரி கரண்ட், மெமரிக்காக. சிவப்பு ஒயர் சாவி போட்டா மட்டும் வரணும். மாட்டறவங்க சாவி லைன தேட சோம்பேறிப்பட்டு ரெண்டையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திடுவாங்க. ஸ்கிரீன் அணைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ள முழிச்சுட்டே கிடக்கும். அடுத்தது டாஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், அப்புறம் டிக்கி லைட் (டிக்கிக்குள்ள போன்ல வீடியோ ரெக்கார்ட் ஆன் பண்ணி வெச்சு மூடி பாருங்க, லைட் அணையுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்), ஒட்டிக்கிட்ட ஹார்ன் ரிலே, ஃபேன் ரிலே. மழைக்காலம்னா எலி. எஞ்சின் சூட்டுக்கு உள்ள வந்து படுத்து ஒயர் தோல கடிச்சு வெச்சிட்டு போயிடும், ரெண்டு செம்பு கம்பி பக்கத்துல பக்கத்துல ஈரத்தோட இருந்தா அதுவே ஒழுகும். புகையிலை, ரச கற்பூரம்னு ஆளாளுக்கு ஒண்ணு வெப்பாங்க, ரெண்டு வாரம் வேலை செய்யும், அப்புறம் எலி அதையே தலைகாணியா வெச்சு தூங்கும்.

கண்டுபிடிக்கற முறை இதுதான். மைனஸ் கேபிள கழட்டி, பேட்டரி மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவுல முதல்ல மீட்டர வெக்காதீங்க, ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப வைங்க. அது பளிச்சுனு எரிஞ்சா பெரிய ஒழுகல், மீட்டர வெச்சிருந்தா மீட்டரோ அதோட பியூஸோ போயிருக்கும். எரியல இல்ல லேசா செவக்குதுன்னா அப்புறம் மீட்டர 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாத்தி அதே இடத்துல வைங்க. முன்னூறு ரூபா மீட்டர்ல அந்த 10 ஆம்பியர் ஓட்டைக்கு உள்ள பியூஸே இருக்காது, அதனால மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போடறது, செல்ஃப் அடிக்கறது, கதவ தொறக்கறது எதுவும் கூடாது. கதவு தொறந்து வெச்சுதான் பியூஸ் பெட்டிய பாக்கணும்னா கதவு லாக்ல இருக்கற கொக்கிய ஸ்க்ரூ டிரைவரால சாத்தின மாதிரி மடக்கி விட்டுடுங்க, வண்டி கதவு மூடியிருக்குன்னு நினைச்சுக்கும் (கதவ மூடறதுக்கு முன்னாடி ஹேண்டில இழுத்து கொக்கிய விடுவிங்க, இல்லன்னா லாக் உடையும், நான் உடைச்சிருக்கேன்). பட்டன் ஸ்டார்ட் வண்டினா சாவிய வீட்டுக்குள்ள தூரமா வைங்க. மாட்டின உடனே அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் காட்டும், பயப்படாதீங்க, கம்ப்யூட்டருங்க எல்லாம் தூங்க இருபது முப்பது நிமிஷம் ஆகும். போய் காபி குடிச்சிட்டு வாங்க.

திரும்பி வந்து பாக்கும்போது 0.05க்கு கீழ இருந்தா ஒழுகல் இல்ல. 0.3, 0.4னு நின்னா ஒவ்வொரு பியூஸா பிடுங்கி பாருங்க, எத பிடுங்கினா டக்குனு விழுதோ அந்த லைன்தான். பியூஸ பிடுங்கி திரும்ப சொருகினா சில கம்ப்யூட்டர் மறுபடி முழிச்சுக்கும், அதனால பிடுங்கினத சொருகாமலே அடுத்ததுக்கு போங்க, வரிசைய போன்ல போட்டோ எடுத்துக்கங்க. பிடுங்காமலே பாக்கணும்னா எல்லா பிளேடு பியூஸ் தலைலயும் ரெண்டு சின்ன உலோக புள்ளி இருக்கும், மீட்டர மில்லிவோல்ட்ல வெச்சு ரெண்டையும் தொடுங்க, பூஜ்யம்னா கரண்ட் ஓடல, ஒண்ணு ரெண்டு மில்லிவோல்ட் காட்டினாலே அதுல ஏதோ ஓடுது. எல்லா பியூஸ் பிடுங்கியும் விழலன்னா பியூஸ் பெட்டிக்கு முன்னாடியே இருக்கற லைன், அதாவது டைனமோ, செல்ஃப், இல்ல யாரோ நேரா பேட்டரில இழுத்த ஒயர். வேலை முடிஞ்சதும் மீட்டர் சிவப்பு ஒயர திரும்ப வோல்ட் சாக்கெட்டுக்கு மாத்த மறக்காதீங்க. மறந்துட்டு அடுத்த நாள் வோல்டேஜ் அளக்க பேட்டரில வெச்சா அது நேரடி ஷார்ட், ஒயர் கைலயே உருகும்.

ஒழுகல் இல்ல, பேட்டரியும் 12.6, ஆனாலும் டிக்டிக்னா என்ன? அப்போ கரண்ட் இருக்கு, போய் சேரல. டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணில ஆப்ப சோடா கலந்து ஊத்துங்க, நுரைச்சு கழுவி விட்டுடும், சோடா தண்ணி செல் மூடி வழியா உள்ள போகாம பாத்துக்கங்க. காய வெச்சு, உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு இறுக்கி, மேல வாசலின் தடவினா போதும். அடுத்தது எர்த். மைனஸ்ல இருந்து பாடிக்கும், பாடில இருந்து எஞ்சினுக்கும் ஒரு பின்னல் கம்பி போகும், அது துருப்பிடிச்சு பாதி அறுந்து கிடக்கும், வெளில தெரியாது. ஜம்பர் கேபிள் (ரெண்டு முனைலயும் கிளிப் இருக்கற தடிமனான ஒயர்) ஒண்ண எடுத்து பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, எஞ்சின் உலோகத்துல மறுமுனை மாட்டிட்டு செல்ஃப் அடிங்க. கும்முனு எடுத்துச்சுன்னா எர்த் கம்பிதான், இருநூறு முன்னூறு ரூபா வேலை. ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள் ஏறுது, பிரேக் அமுக்கினா இண்டிகேட்டர் மங்குதுன்னு பேய் பிடிச்ச மாதிரி வண்டி ஆடினாலும் பெரும்பாலும் எர்த்தான்.

மீட்டர்லயும் பாக்கலாம், ஒருத்தர் செல்ஃப் அடிக்க நீங்க பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வோல்ட் அளங்க, 0.2, 0.3க்கு மேல போச்சுன்னா அந்த பக்கம் தடை இருக்கு. பிளஸ் பக்கம் பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டார் பெரிய போல்ட்டுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதே நேரத்துல பேட்டரி மொத்த வோல்டேஜும் 9.6க்கு கீழ விழக்கூடாது, 12.6ல இருந்த பேட்டரி செல்ஃப் அடிச்ச உடனே 7, 8க்கு போனா அது வெளில ஆள் மாதிரி இருக்கற பிணம். சும்மா நிக்கும்போது காட்டற வோல்டேஜ மட்டும் பாத்து பேட்டரி நல்லாருக்குன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, சுமை குடுத்து பாக்கணும். செல்ஃப் மோட்டாருக்கு போற மெல்லிசு ஒயர்ல சாவி திருப்பினா அந்த நேரம் பேட்டரில இருக்கற வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வரணும், ரொம்ப குறைஞ்சா சாவி ஸ்விட்ச் காண்டாக்ட் கருகியிருக்கலாம். வீட்டு சாவி, பீரோ சாவி, பிள்ளையார் கீசெயின் எல்லாத்தையும் ஒரே கொத்துல தொங்க விடறவங்க வண்டில இது சீக்கிரம் வரும்.

அவசரத்துக்கு இன்னொரு வண்டி பேட்டரில இருந்து ஜம்ப் போடறீங்கன்னா சிவப்பு முதல்ல செத்த பேட்டரி பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ், கருப்பு நல்ல பேட்டரி மைனஸ், கடைசி முனை செத்த வண்டியோட எஞ்சின் உலோகத்துல, பேட்டரி மேல இல்ல, அந்த கடைசி தீப்பொறி ஹைட்ரஜன் பக்கத்துல வரக்கூடாதுன்னுதான். எடுத்தப்புறம் இருபது நிமிஷம் ஓட்டினா சார்ஜ் ஆயிடும்னு நினைக்கறது வீண். ஒரு தடவை செல்ஃப் அடிக்க 150 ஆம்பியர் ரெண்டு செகண்ட், 0.1 ஆம்பியர் அவர் கூட இல்ல, அது உடனே திரும்ப ஏறிடும். ஆனா காலியான 18 ஆம்பியர் அவர் ஏற மணிக்கணக்கு ஆகும், சார்ஜர்ல போடுங்க. நம்ம ஊர் பேட்டரிய கொல்றது குளிர் இல்ல, வெயில், தண்ணி வத்தறதும் தகடு அரிக்கறதும் சூட்டுலதான் வேகமாகும், மூடி தொறக்கற பேட்டரின்னா கோடைல மாசம் ஒரு தடவை பாத்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. ஆர்ஓ தண்ணி, ஆசிட் ரெண்டும் கூடாது. வத்தறது தண்ணிதான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு.

பைக்குக்கு வரேன். ஓடி சூடானதும் நிக்குது, ஆறினா எடுக்குதுன்னா கேட்ட உடனே எல்லாரும் காயில்னு (பிளக்குக்கு பெரிய வோல்டேஜ் குடுக்கறது) சொல்லுவாங்க, நானும் சொல்லுவேன், ஆனா முதல்ல பெட்ரோல் டேங்க் மூடிய பாருங்க. மூடில காத்து போற சின்ன ஓட்டை அடைச்சிருந்தா பெட்ரோல் இறங்க இறங்க உள்ள வெற்றிடமாகி சப்ளை நின்னுடும், கொஞ்ச நேரம் நின்னா காத்து மெதுவா உள்ள போய் மறுபடி எடுக்கும், அச்சு அசல் காயில் பிரச்சனை மாதிரியே இருக்கும். அடுத்த தடவை நின்ன உடனே மூடிய தொறங்க, உஸ்ஸுனு சத்தம் வந்து உடனே வண்டி எடுத்துச்சுன்னா செலவு ஒரு குண்டூசி.

அது இல்லன்னா நின்ன அதே நிமிஷத்துல ஸ்பார்க் பாக்கணும், ஆறினப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல. அதனால பிளக் ஸ்பேனரும் ஒரு ஸ்பேர் பிளக்கும் வண்டிலயே வெச்சுக்கங்க. நின்னதும் பிளக் கேப்ப கழட்டி ஸ்பேர் பிளக்க சொருகி, அதோட உலோக பாடிய எஞ்சின் மேல நல்லா படற மாதிரி வெச்சு கிக்கர் அடிங்க. இருக்கற பிளக்க கழட்ட வேண்டாம், கழட்டினா ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வரும், பக்கத்துலயே தீப்பொறி. கையால பிளக்க பிடிக்காதீங்க, இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல வர இடம் அது. நீலமா சட்டுசட்டுனு அடிச்சா கரண்ட் நல்லாருக்கு, கார்புரேட்டர் பக்கம் போங்க. மஞ்சளா சோகையா வந்தா இல்ல வரவே இல்லன்னா முதல்ல கில் ஸ்விட்ச நாலஞ்சு தடவை ஆன் ஆஃப் பண்ணுங்க, சிரிக்காதீங்க, பாதி பைக் அதுலதான் நிக்கும். அப்புறம் பிளக் கேப்ப திருகி கழட்டி ஒயர் நுனில அரை சென்டிமீட்டர் வெட்டி புது செம்புல திரும்ப முறுக்குங்க.

அதுக்கும் வரலன்னா மீதி மூணு பேர், காயில், பல்சர் காயில் (எப்போ தீப்பொறி வரணும்னு சிக்னல் குடுக்கறது), சிடிஐ (அந்த சிக்னல வெச்சு காயில்ல தீப்பொறி வர வைக்கற எலக்ட்ரானிக் பெட்டி). காயில்ல பிரைமரி பக்கம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு ஓம்ஸ், அதுக்கும் கீழயே கூட இருக்கும், செகண்டரி சில ஆயிரம் ஓம்ஸ், உங்க மாடலுக்கு சரியான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். பல்சர் காயில் சாதாரணமா 100ல இருந்து 300 ஓம்ஸ். எண்ண விட முக்கியம், ஜில்லுனு இருக்கும்போது ஒரு தடவை அளந்து எழுதி வெச்சிட்டு நின்ன சூட்லயே இன்னொரு தடவை அளக்கறது. சூட்ல கொஞ்சம் ஏறறது சகஜம், ஆனா ஒரேயடியா எகிறி ஓப்பன்னு, அதாவது லைன் அறுந்த மாதிரி, காட்டினா உள்ள கம்பி விரிசல் விட்டிருக்கு, சூட்ல விரிஞ்சு விட்டுடுது, ஆறினா ஒட்டிக்குது. ரெண்டு காயிலும் ரெண்டு நிலைலயும் ஒழுங்கா காட்டினா சிடிஐ, அத வீட்ல மீட்டர்ல பாக்க வழியில்ல, அதே மாடல் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பத்து நிமிஷம் கடன் வாங்கி மாட்டி பாக்கறதுதான் முறை. கார்லயும் சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கற மாடல்னா இதே மாத்தி பாக்கற வித்தை வேலை செய்யும், ஸ்கேனர்ல பி0301ங்கற கோடு ஒண்ணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்னு காட்டும்போது அந்த காயில ரெண்டாவதுல போடுங்க, கோடு பி0302ஆ மாறினா காயில், மாறலன்னா பிளக், இன்ஜெக்டர் பக்கம்.

அப்பா பைக் பேட்டரி பத்தி கேக்கல, இருந்தாலும், 3000 ஆர்பிஎம் பக்கம் வெச்சு பேட்டரில 13.5ல இருந்து 14.5 வருதான்னு பாத்துடுங்க. 15 தாண்டினா ரெகுலேட்டர் போயிடுச்சு, பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆகியிருக்கும், அவர்கிட்ட கேளுங்க.

இப்போதைக்கு கார்ல நாலு எண் வேணும், காலைல கதவு தொறக்கறதுக்கு முன்னாடி வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது எவ்ளோ விழுது, எஞ்சின் ஓடும்போது எவ்ளோ, அரை மணி நேரம் தூங்கினப்புறம் எத்தனை ஆம்பியர். அது நாலையும் எழுதுங்க, ஸ்டீரியோ வெளில மாட்டினதா கம்பெனிலயே வந்ததான்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ஒம்பதாயிரம் பைலயே இருக்கட்டும்.